யாழுக்குள்ளே ஒரு பேர்

மூணு மாசமாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. "ஆளையே காணோமே, எழுதறதை விட்டாச்சா?" என்று மடல் போட்ட ரெண்டு நல்ல உள்ளங்களுக்கு நன்றி. (அதில் ஒருத்தர் என் தங்கச்சி மாப்பிள்ளை என்பது வேற விசயம் :))

எழுதறதை விடலை. ஒரு யாழ் செஞ்சுக்கிட்டு இருந்தேன். ஆமாங்க, அதே யாழ்தான். சங்க இலக்கியத்தில் பாணர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்களே, அது. நான் செஞ்சேன்னு சொல்றதே பாதிப் பொய். உளி பிடிச்சது வேற ஒருத்தர். அந்தப் பாதிப் பொய்யைத்தான் இன்றைக்கு ஒத்துக்கொள்ள வந்திருக்கேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஒண்ணு போட்டு வச்சுக்கிட்டு உக்காருங்க.

நிற்க. முதலில், எனக்கு ஏன் இந்தக் கிறுக்கு பிடிச்சதுன்னு சொல்லிடறேன்.

போன வருசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், கரண்ட் வந்து வந்து போய்க்கிட்டிருந்த நேரத்தில், ஒரு காணொளி பார்த்தேன். ஒரு வெள்ளைக்கார அம்மா விசித்திரமான ஒரு பெட்டி முன்னாடி உட்கார்ந்து வாசிக்கிறாங்க. ஹார்ப்சிகார்டைத் தூக்கி நிமிர்த்தி வச்ச மாதிரி இருக்கு. கட்டையை அழுத்தினா உள்ளே ஒரு சின்னக் கொக்கி கம்பியைச் சுண்டி விடுது. கிளாவிசிதேரியம் என்று பேராம். லண்டன் ராயல் இசைக் கல்லூரி அருங்காட்சியகத்தில் கிட்டத்தட்ட 1480ல் செய்த ஒண்ணு இருக்கு. கம்பி பூட்டின கட்டைக் கருவிகளில் இன்றைக்கு மிஞ்சியிருப்பதில் அதுதான் ஆகப் பழசு. அதை அங்குலம் அங்குலமா அளந்து நகல் செய்து, அந்தக் காலத்துப் பாட்டை அந்தக் காலத்துக் கருவியிலேயே வாசிக்கிறாங்க. இதுக்குன்னே அங்கே ஒரு கூட்டம் இருக்கு. ஆர்னால்ட் டால்மெட்ச் என்று ஒருத்தர் 1890களிலேயே இங்கிலாந்தில் இந்த வேலையை ஆரம்பிச்சு வச்சுட்டார்.

பார்த்து முடிச்சதும் எனக்கு வயித்தெரிச்சல். அவங்க பாட்டனோட கருவி கண்ணாடிப் பெட்டிக்குள்ளே பத்திரமா இருக்கு. நம்ம யாழ் எங்கேய்யா? மண்ணிலிருந்து தோண்டி எடுத்த யாழ் ஒண்ணாவது உண்டா? கிடையாது. மரம், தோல், நரம்பு மூணுமே நம்ம வெயிலுக்கும் மழைக்கும் கரையானுக்கும் தாங்காத சாமான். அமராவதிச் சிற்பத்தில் இருக்கு, சமுத்திரகுப்தன் காசில் ராசா மடியில் வச்சு வாசிக்கிறார். கல்லிலும் காசிலும் இருக்கு. கையில் எடுத்து மீட்ட ஒண்ணுகூட இல்லை.

நமக்கு மிஞ்சினது சொல் மட்டும்தான்.

ஆனா அந்தச் சொல் கொஞ்சநஞ்சம் இல்லை மக்களே. பேரியாழுக்கு 21 நரம்பு, மகர யாழுக்கு 19, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று சிலப்பதிகார உரையில் கணக்கே இருக்கு. கொன்றை, கருங்காலி, முருக்கு, குமிழ், தணக்கு என்று மரங்களைக்கூடச் சொல்லி வச்சிருக்காங்க. இதையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கிட்டு உட்கார்ந்த மனுசன் ஒருத்தர் உண்டு. விபுலாநந்த அடிகள். 1892ல் மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்தவர். அறிவியல் படிச்சவர், அறிவியல் ஆசிரியராகவும் இருந்தவர். அப்புறம் ராமகிருஷ்ண மடத்துத் துறவி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். சங்கப் பாட்டையும் சிலப்பதிகாரத்தையும் ஒரு கையில் வச்சுக்கிட்டு, கம்பி நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கை இன்னொரு கையில் வச்சுக்கிட்டு 'யாழ் நூல்' எழுதினார்.

1947 ஜூன் 5ஆம் தேதி தஞ்சைப் பக்கம் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் ஆதரவில் அந்தப் புத்தகம் அரங்கேறியது. அவர் சொன்ன முறைப்படி செய்த கருவிகளையும் ஊர்வலமா எடுத்துக்கிட்டுப் போய் வாசிச்சாங்க. அடுத்த மாசம் 19ஆம் தேதி அடிகள் காலமாயிட்டார். சரியா 44 நாள். அந்த 44 நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னமோ பண்ணும்.

நம்ம காலத்தில் சென்னையில் 'உரு' என்ற பட்டறையில் தருண் சேகர் என்பவர் ஏழு நரம்பு யாழ் செய்து, 2021 வாக்கில் செய்திகளில் நல்லா அடிபட்டார். இளம் வயசுக்காரர். ஆக, நான் முதல் ஆளும் இல்லை, முக்கியமான ஆளும் இல்லை. நாஞ்சில் நாட்டு மூலையில் ஒரு அரசாங்கச் சம்பளக்காரனுக்கு வந்த ஆசை, அவ்வளவுதான்.

*

ஆசை வந்துட்டா போதுமா? எனக்கு ஆணி அடிக்கவே தெரியாது. வீட்டில் காலண்டர் மாட்டுறதுக்கே மனைவிதான் சுத்தியல் எடுப்பா.

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆசாரி இருக்கார். அப்பாவோட கூட்டாளி. வயசு 74. நான் 'ஆசாரி மாமா' என்று கூப்பிடுவேன். ஒரு காலத்தில் மாட்டு வண்டி, நெல்லுப்பெட்டி, கோயில் சப்பரம் எல்லாம் செய்தவர். கொடை சமயத்தில் வில்லுப்பாட்டுக்காரங்க வில்லு வேணும்னு அவரைத்தான் தேடி வருவாங்க. இந்தப் பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன்: ஆள் உயரத்தை விட நீளமான வில், அதில் வரிசையா மணி, கீழே குடம், வீசுகோலால் நாணைத் தட்டிக்கிட்டே கதை பாடுவாங்க. என்.எஸ்.கே. பிறந்த ஒழுகினசேரியும் இங்கேதான், அவர் வில்லுப்பாட்டை எங்கெல்லாம் கொண்டு போனார் என்பதும் ஊருக்கே தெரியும். இப்போ கதவு, ஜன்னல் எல்லாம் கடையில் ரெடிமேடா வந்து இறங்குது. மாமாவுக்கு வேலை இல்லை. ஒரு கண்ணில் புரை வேற.

யாழ் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கிட்ட வச்சுப் பார்த்தார்.

"என்னடே மக்கா, வில்ல ஒடிச்சுச் சட்டியில சொருவி வச்சிருக்கான்?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஏன்னா அடிகளும் அங்கேதான் ஆரம்பிக்கிறார். யாழில் முதல் யாழ் வில்யாழ். பெரும்பாணாற்றுப்படையில் மாடு மேய்க்கிற பையன் ஒருத்தன், உள்ளே துளையுள்ள குமிழங் கொம்பை வளைச்சு, மரல் நாரைத் திரிச்சு நாணாக் கட்டி, பொழுது போகாம வாசிக்கிறான். அதுதான் வில்யாழ். நம்ம வில்லுப்பாட்டு வில்லுக்கும் அதுக்கும் நேரடிச் சொந்தம் உண்டுன்னு நான் சொல்ல வரலை. ஆனா வில்லு செஞ்ச கைக்கு யாழைப் பார்த்ததும் வில்லு தெரியுது, அதைச் சொல்றேன்.

"அளவு எங்கடே?" என்றார்.

"அளவு இல்ல மாமா. பாட்டுத்தான் இருக்கு."

"பாட்ட வச்சு ஆசாரி என்ன செய்ய? சரி, வாசி, கேப்போம்."

பொருநராற்றுப்படையை எடுத்தேன். முடத்தாமக்கண்ணியார் கரிகாலன் மேல் பாடினது. அதில் ஆரம்பத்திலேயே யாழை உறுப்பு உறுப்பா வர்ணிக்கிறார். காலேஜில் படிக்கும்போது நான் தூங்கி வழிஞ்ச இடம் அது. உவமை மேல உவமை, யாருக்கு வேணும் என்று நினைச்சிருக்கேன். நான் ஒவ்வொண்ணா அர்த்தம் சொல்லச் சொல்ல மாமா நிமிர்ந்து உட்கார்ந்துட்டார்.

பத்தர், அதாவது கீழே இருக்கிற குடம், மான் குளம்பு அழுந்தின தடம் மாதிரி பிளவு பட்டிருக்கும் என்கிறார் புலவர்.

"மான நான் எங்க கண்டேன்? ஆட்டுக் குளம்பும் அப்படித்தானே. நடுவுல வரப்பு மாதிரி மேடு, ரெண்டு பக்கமும் பள்ளம். அப்போ உள்ள நடுவுல ஒரு கட்டை ஓடுது. தோலுக்கு அடியில. அந்தக் கட்டையிலதான் நரம்பக் கட்டணும். வெறும் தோலுல கட்டுனா கிழிஞ்சிரும்லா?"

நான் ஒண்ணும் பேசலை. பர்மாவில் இன்றைக்கும் வாசிக்கிற சாங் என்கிற வில் வடிவ யாழில் அப்படித்தான் தோலுக்கு அடியில் ஒரு கட்டை ஓடுது, அதில்தான் நரம்பு பூட்டியிருக்கு. மாமா அதைப் பார்த்தது கிடையாது.

அடுத்தது, நண்டின் கண் மாதிரி ஆணி. "அது ஆணித் தலை. உருண்டையா, வெளிய தள்ளிக்கிட்டு இருக்கணும்னு சொல்லுகான். கூரா இருந்தா தோலு அங்கதான் மொதல்ல கீறும்."

எட்டாம் நாள் நிலா மாதிரி, உள்நாக்கு இல்லாத வாய். "பாதி வட்டத் துளை. சத்தம் வெளிய வர." பாம்பு தலை தூக்கின மாதிரி நிமிர்ந்த கொம்பு. "அது பாத்தாலே தெரியுது." மாநிறப் பொண்ணோட முன்கையில் வளையல் அடுக்கின மாதிரி திவவு. "கொம்பைச் சுத்திக் கயிறு சுத்திச் சுத்திக் கட்டியிருக்கான். அத நவுத்துனா நரம்பு இறுகும், தளரும்."

அவர் சொன்னது அத்தனையும் சரியா தப்பா என்பதைப் புலவர்கள் சொல்லட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் உறைச்சது. நான் உவமைன்னு நினைச்சுத் தூங்கின இடம், அந்தக் கிழவருக்கு வேலைக் குறிப்பு. 'பாட்ட வச்சு ஆசாரி என்ன செய்ய' என்றவர், பாட்டை வச்சே தரையில் கரித்துண்டால் வரைய ஆரம்பிச்சுட்டார். ஐரோப்பாவிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1440 வாக்கில் ஆன்றி அர்னோ என்கிற வைத்தியர் கட்டைக் கருவிகளைப் படமும் விளக்கமுமா ஒரு சுவடியில் எழுதி வச்சார், அது பாரிஸில் இருக்கு. அதை வச்சே கருவி செஞ்சவங்க உண்டு. அவர் கோடு போட்டு வச்சார். நம்ம ஆள் நண்டுக் கண்ணையும் எட்டாம் நாள் நிலாவையும் வச்சார்.

*

குமிழ் மரம் வேணும் என்று மரக்கடையில் சொல்லி வச்சு, மலிவா ஒரு தடி வாங்கிட்டு ஆட்டோவில் ஏத்திக்கொண்டு போனேன். பெருமையா இறக்கி வச்சேன். மாமா விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டினார். மோந்து பார்த்தார்.

"இது தண்ணிக்குள்ள கெடந்த தடி. கொண்டு போயிரு."

"காஞ்சுதானே மாமா இருக்கு?"

"காஞ்சிருக்கு. சத்தம் செத்துப்போச்சு."

கோவமா வந்தது எனக்கு. ஆட்டோக் காசும் சேர்த்துப் போச்சே. அன்னிக்கு ராத்திரி சீவக சிந்தாமணியைப் புரட்டினேன். காந்தருவதத்தையோட யாழ்ப் போட்டி. சீவகன் முன்னாடி ஒவ்வொரு யாழா கொண்டு வந்து வைக்கிறாங்க. அவன் ஒவ்வொண்ணா தள்ளி விடறான். இது தண்ணியில் நின்ன மரம், இது அழுகினது, இது வெந்தது, இது இடி விழுந்தது என்று. ஒரு நரம்பைப் பிரிச்சு உள்ளே மயிர் இருக்குன்னுகூடக் காட்டறான். படிச்சுட்டு விளக்கை அணைச்சுட்டுப் படுத்தேன். தூக்கம் வரலை. திருத்தக்கதேவர் எந்த ஆசாரிகிட்டப் போய் உட்கார்ந்து இதைக் கேட்டாரோ!

கடைசியில் மாமாவே ஒரு பழைய வீடு இடிச்ச இடத்தில் பிலா உத்தரம் ஒண்ணு பிடிச்சார். (பிலான்னா பலா. எங்க ஊர்ல அப்படித்தான்.) வீணை செய்யவும் பலாதானே, குத்தமில்லை. பத்து அங்குல அகலம், பல வருசம் கூரைக்குக் கீழே காஞ்ச மரம். தட்டினா 'ணங்'குன்னு பதில் சொல்லுது.

குடம் குடையறதுக்கு அவருக்கு இருபது நாள் ஆச்சு. கண்ணு சரியில்லாததால் விரலால் தடவித் தடவி கனத்தைப் பார்த்தார். கொம்பை மட்டும் நான் அவசரப்பட்டு, மரக்கடையில் பலகையை வளைவா அறுத்து வாங்கிட்டு வந்தேன். "வேண்டாம்டே, நாரு ஓட்டம் குறுக்க வருது" என்றார். நான் கேக்கலை. பாட்டரி தீர்ந்த கடிகாரம் மாதிரி நாள் ஓடிக்கிட்டே இருக்கே, சீக்கிரம் சத்தம் கேக்கணும்னு ஆசை.

நரம்புக்கு என்ன செய்ய? ஆட்டு நரம்பு திரிக்கிற ஆள் கிடைக்கலை. குளச்சலில் வலை சாமான் விக்கிற கடையில் தங்கூசி வாங்கினேன், மீன் பிடிக்கிற நைலான் நரம்பு, 0.8 மில்லிமீட்டர். போர்வைக்கு உடுக்கைக்குத் தோல் கட்டுற ஒருத்தர்கிட்ட ஆட்டுத்தோல். ஒட்டறதுக்குப் புளியமுத்துப் பசை.

அரை மீட்டர் நீளத் தங்கூசியைப் பாடற சுருதிக்கு ஏத்தினா, ஒரு நரம்பு சுமார் நாலு கிலோ இழுக்கும். ஏழுக்கும் சேர்த்து 28 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைக் கொம்பு நுனியில் தொங்க விட்ட மாதிரி. இந்தக் கணக்கை நான் எப்போ போட்டேன் என்கிறீங்க? கொம்பு ஒடிஞ்ச பிறகு :(

அஞ்சாவது நரம்பை ஏத்தினதும் முதல் நரம்பு தொங்கிப் போச்சு. கொம்பு உள்ளே வளையுதுன்னு அப்பவே புரிஞ்சிருக்கணும். முதலை மறுபடி ஏத்தினேன், மூணாவது தொங்குச்சு. ஏழாவதை ஏத்தும்போது 'படக்'. வளைவு இருக்கிற இடத்தில், நார் குறுக்கே வெட்டுப்பட்ட இடத்தில், சரியா மாமா விரல் வச்சுக் காட்டின இடத்தில் பிளந்துட்டு. தெறிச்ச துண்டு அவர் நெத்தியில் பட்டு ரத்தம். எனக்குக் கை கால் ஓடலை. அவர் துண்டால் அழுத்திக்கிட்டு, "கொம்பு தானா வளஞ்சிருக்கணும், நாம வளைக்கப்பிடாது" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை ஏசலை. ஏசியிருந்தாத் தேவலைன்னு இருந்தது.

அப்புறம் தானா வளைஞ்ச சரக்கொன்றைக் கிளை ஒண்ணைத் தேடி ரெண்டு வாரம் தோட்டம் தோட்டமா அலைஞ்சோம். கிடைச்சது. காயப் போட்டு, பதம் பார்த்து, பூட்டினார். திவவுக்கு நூல் கயிறு கட்டிப் பார்த்தோம். தங்கூசி வழுக்கி வழுக்கி இறங்குது. வேற வழியில்லாம வீணைக்கு இருக்கிற மாதிரி முறுக்காணி வச்சார். புத்தகத்தில் இல்லாத வேலைதான்.

*

ஏழு நரம்பும் நின்னது. சுருதி சேர்க்க எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி அடிகளோட கணக்கு. ஒரு நரம்போட மூணில் ரெண்டு பங்கு நீளத்தில் ஒலிக்கிறது அதோட இளி. குரலுக்கு இளி, இளிக்கு இளி துத்தம், துத்தத்துக்கு விளரி, விளரிக்குக் கைக்கிளை, அப்புறம் தாரம். இந்தப் பக்கம் உழை. ச, ப, ரி, த, க, நி, ம என்று வச்சுக்கோங்க. ஒண்ணுக்கொண்ணு நட்பு பிடிச்சுப் பிடிச்சு ஏழும் வந்துரும்.

யாழில் மெட்டு கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம், அவ்வளவுதான். வீணை மாதிரி நரம்பை இழுத்துக் கமகம் கொடுக்க முடியாது. யாழ் போய் வீணை வந்ததுக்கு இதைத்தான் முக்கியக் காரணமாச் சொல்றாங்க. அப்போ யாழில் எப்படிப் பண்ணை மாத்தறது? நரம்பை மாத்தாதே, தொடங்குற இடத்தை மாத்து. குரல், துத்தம், கைக்கிளை, இளி, விளரி அஞ்சை மட்டும் மீட்டினா முல்லைத்தீம்பாணி, நம்ம மோகனம். அதே அஞ்சு நரம்பு, துத்தத்திலிருந்து தொடங்கினா மத்தியமாவதி. கைக்கிளையிலிருந்து தொடங்கினா இந்தோளம்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் நூறு தடவை படிச்சிருக்கேன். ஆசாரி மாமா வீட்டுத் திண்ணையில், மூடியிருந்த விரலைத் திறந்து அந்த அஞ்சு நரம்பைச் சுண்டினப்போ, மோகனம் தானா வந்து நின்னது பாருங்க. சத்தம் பெரிசா ஒண்ணும் இல்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினாக் கேக்காது. ஆனா தோலும் பலாவும் சேர்ந்து ஒரு ஈரமான சத்தம். மாமா காதைக் கொம்பில் வச்சுக் கேட்டார்.

"கொள்ளாம்" என்றார்.

எங்க ஊரில் அதுக்கு மேலே பாராட்டு கிடையாது.

*

இப்போ நான் செய்த தப்புக்கு வரேன்.

விசயம் கேள்விப்பட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டாங்க. மாமாவையும் வேட்டி சட்டை போட வச்சுக் கூட்டிட்டுப் போனேன். மேடையில் அறிமுகம் செய்தவர் மைக்கைப் பிடிச்சு, இது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின யாழ் என்றார். கரிகாலன் கேட்ட அதே ஒலி என்றார். இதைக் கண்டுபிடித்து உருவாக்கியவர் என்று என் பேரைச் சொல்லிப் பொன்னாடை போத்தினார். கைதட்டல் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போச்சு.

நான் என்ன செஞ்சிருக்கணும்? எழுந்து, ஐயா, இது பழைய யாழ் இல்லை, போன மாசம் செஞ்சது. நரம்பு குளச்சல் தங்கூசி, ஆணி வீணை ஆணி, மரம் இடிச்ச வீட்டு உத்தரம். கரிகாலன் என்ன சத்தம் கேட்டான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது. செஞ்சவர் அதோ கடைசி வரிசையில் நெத்தியில் தழும்போட இருக்கார் என்று சொல்லியிருக்கணும்.

சொல்லலை. சிரிச்சுக்கிட்டே கும்பிட்டேன். ரெண்டு பாட்டு வாசிச்சேன். இறங்கினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா சன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே வந்தார். நான்தான் தாங்க முடியாமக் கேட்டேன். "மாமா, உங்க பேரச் சொல்லலைன்னு வருத்தமா?"

"எம் பேரு என்னத்துக்குடே? பாட்டு பழசு, சாமான் புதுசு. அத நீ சொல்லிருக்கணும். நாளைக்கு எவனாம் படிச்சவன் வந்து, நரம்பப் பாத்து, இது கள்ளம்னு சொல்லுவான். அப்போ பாட்டும் கள்ளமாயிரும்லா?"

கல்லால் அடிச்ச மாதிரி இருந்தது. 'பாட்டும் கள்ளமாயிரும்.' அடிகள் ஒவ்வொரு வரியாத் தேடி, கணக்குப் போட்டு, 44 நாளில் விட்டுட்டுப் போன உழைப்பை, நான் ஒரு பொன்னாடைக்காக மூணே நிமிசத்தில் பழசாக்கி வித்துட்டேன். இல்லாததைச் சேர்த்துச் சொன்னா, இருக்கிறதையும் எவனும் நம்ப மாட்டான். நம்மகிட்ட இருக்கிறது சொல் மட்டும்தானே? அதையும் கெடுத்தா அப்புறம் என்ன மிச்சம்?

ராத்திரி பூரா யோசிச்சேன். அவர் பேர் வேண்டாம்னு சொன்னாலும் எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்தது. பொருநராற்றுப்படையில் ராசா பேர் தெரியுது. புலவர் பேர் தெரியுது. அந்த யாழைக் குடைஞ்ச ஆசாரி பேர் யாருக்காவது தெரியுமா? ஜெர்மனியில் லைப்சிக் அருங்காட்சியகத்தில் கிளாவிகார்ட் என்கிற கட்டைக் கருவி ஒண்ணு இருக்கு. தேதி போட்ட கிளாவிகார்டில் மிஞ்சினதில் அதுதான் பழசு. அதில் பெசாரோ ஊர் தொமேனிகோ, 1543 என்று எழுதியிருக்கு. அவர் பேரும் வருசமும் எழுதி வச்சதாலதான் அது யார் செஞ்சது, எப்போ செஞ்சது என்று யாரும் சண்டை போட வேண்டியதில்லை. பேர் போடறது பெருமைக்கு மட்டும் இல்லை. வருசத்தை ஒளிக்காம இருக்கிறதுக்கும்தான்.

அடுத்த ஞாயிறு யாழைத் தூக்கிக்கிட்டு பூதப்பாண்டி போனேன். "மாமா, தோலப் பிரிக்கணும்."

"கிறுக்கா ஒனக்கு? நல்லா இருக்கதப் பிரிக்க?"

விசயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பீடி குடிச்சார். அப்புறம் அவரே ஈரத்துணியைப் போட்டு ஊற வச்சு, ஒரு ஓரத்துப் பசையை மெதுவா இளக்கி, தோலைப் பாதி தூக்கினார். உள்ளே, நடுக்கட்டைக்குப் பக்கத்தில், உளி முனையால் அவர் பேரையும் ஊரையும் வருசத்தையும் அவரே வெட்டினார். 'ந' கொஞ்சம் கோணலா வந்துட்டு, கண்ணு தெரியலை. அதுக்குக் கீழே நான் பென்சிலால் எழுதினேன்: பிலா பழைய உத்தரம், கொம்பு கொன்றை, நரம்பு நைலான், முறுக்காணி எங்கள் சேர்க்கை, நடுக்கட்டை எங்கள் ஊகம். எழுதி முடிச்சதும் மறுபடி தோல் ஒட்டியாச்சு. சத்தம் முன்னை மாதிரியே இருக்கு. மாமா மட்டும் ஒரு இழை குறைஞ்சிருக்குங்கிறார். எனக்குக் கேக்கலை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கடிதம் போட்டேன், இதே விவரத்தை எழுதி. பிள்ளைங்ககிட்ட வாசிச்சுக் காட்டச் சொல்லியிருக்கேன். இதுவரை பதில் இல்லை.

மாமா பேரை இங்கேயும் போடலாம்னு கேட்டேன். கண்டிப்பா கூடாதுன்னுட்டார். "அதுக்குள்ள இருக்கது மதி. நீ வெளிய எழுதினா நாளைக்கு நாலு பேரு வந்து யாழு செஞ்சு தான்னு நிப்பான். எனக்குக் கண்ணு தெரியாது." நியாயம்தான்.

ஆனா போன வாரம் நான் கிளம்பும்போது அவரே கூப்பிட்டார். மூலையில் வளைஞ்ச கிளை ஒண்ணு சாத்தி வச்சிருந்தது. கருங்காலியாம். எங்கே பிடிச்சாரோ தெரியலை.

"அந்தக் கயிறு கட்டுத வேலையத் திருப்பிப் பாக்கணும்டே. ஆட்டு நரம்பு கெடச்சா வழுக்காது. தேடு."

தேடிக்கிட்டு இருக்கேன். ஆட்டுக் குடலில் நரம்பு திரிக்கத் தெரிஞ்சவங்க யாராவது உங்க ஊர்ப் பக்கம் இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே. புண்ணியமாப் போகும்.